இசக்கிமுத்து முதலில் சொல்வான்

எங்கள் டீமில் தப்பு செய்தவருக்கு மிளகாய் பஜ்ஜி. செய்யாதவருக்கு வாழைக்காய் பஜ்ஜி.

வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், பெருங்குடி ஆபீஸின் மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அதற்குப் பெயர் ரெட்ரோ. போன இரண்டு வாரத்தில் எங்கே சறுக்கினோம் என்று உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் கூட்டம். கதவோரம் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கும். உள்ளே வருகிறவர்கள் ஃபோனை அதில் போட்டு மூட வேண்டும். இங்கே பேசியது இங்கேயே. யார் செய்தது என்று கேட்கக் கூடாது, எப்படி நடந்தது என்று மட்டும்தான் கேட்கலாம். தப்பை ஒப்புக்கொண்டவருக்கு எல்லோரும் கைதட்டி, மிளகாய் பஜ்ஜியை முதலில் அவர் பக்கம் நீட்ட வேண்டும்.

தூக்குவாளி என் யோசனை. என் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுவந்து வைத்தேன். காது இருக்கிற சாமான் எதையும் உள்ளே விடக் கூடாது என்று நான்தான் பெரிய வீராப்பாகப் பேசினேன். சுவரில் இருந்த திரையை மட்டும் மூடவில்லை. மூடினால் அதில் தெரிகிற இசக்கிமுத்து எப்படிப் பேசுவான்?

என் பெயர் அங்கயற்கண்ணி. ஆபீஸில் கயல். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றுமே ஒரு பெட்டி, அதற்குள் ஓடும் நிரலைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எழுதுவது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நிரல் எழுதும் வேலையை மெஷின்கள் எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. காலையில் நாங்கள் என்ன வேண்டும் என்று சொன்னால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும். அதைப் படித்துப் பார்ப்பது, சோதிப்பது, வேண்டாததைக் கழிப்பது, கலைந்ததை அடுக்குவது எல்லாம் எங்கள் தலையில். சமையல் அதனுடையது, பாத்திரம் கழுவுவது எங்களுடையது.

கேவலமாக நினைக்காதீர்கள். நிரல் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. யாரோ ஒருவர் ஒரு நாள் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எதையோ தள்ளி வைக்கிறார். அதன்மேல் இன்னொருவர் இன்னொன்றை வைக்கிறார். ஒரு வருடம் போனால் எதைத் தொட்டாலும் எது விழும் என்று யாருக்கும் தெரியாது. முதல் ஆள் மறுநாளே வாயைத் திறந்து "நான் அதை அப்படியே விட்டுட்டேன்பா" என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரத்து வேலை. மெஷினுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது என்றுதான் எங்களை இன்னும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

வாயைத் திறப்பதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் எங்கள் ரெட்ரோ ஒரு சாவு வீடு. கூட்டத்தை நடத்துகிற எங்கள் ஸ்க்ரம் மாஸ்டர் மிருணாளினி கலர் கலராகச் சீட்டு கொடுப்பாள். எல்லோரும் "எல்லாம் நல்லாப் போகுது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போவோம். இதற்கிடையே அலாரம் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காது, சொட்டுக் கணக்கு ஒரு திரையில் ஒன்றும் இன்னொரு திரையில் வேறொன்றும் காட்டும். யார் கை வைத்தது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்போம்.

அப்போதுதான் மிருணாளினி இசக்கிமுத்துவை டீமுக்குக் கொண்டுவந்தாள். தென்காசிப் பக்கம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்றாள். திரையில் ஒரு ஒல்லிப் பையன், கலைந்த தலை, பின்னால் நீலச் சுண்ணாம்புச் சுவர். முதல் கூட்டத்தில் வழக்கம்போல் யாரும் பேசவில்லை. அவன் தொண்டையைக் கனைத்தான்.

"யாரும் பேசலன்னா நான் மொதல்ல சொல்லுதேன். சொட்டு வேகம் கணக்குப் போடுத எடத்துல, ஒரே கணக்க ரெண்டு எடத்துல வச்சிட்டேன். ஒண்ண மாத்துனா இன்னொண்ணயும் நெனப்பா மாத்தணும். மறந்துட்டா சவம், ரெண்டும் ரெண்டு பதில் சொல்லும். மெஷின் எழுதிக் குடுத்துச்சு, நான் சோம்பேறித்தனமா சரின்னுட்டேன். வெக்கமா இருக்கு, பாத்துக்கிடுங்க."

பிறகு பொன்னுரங்கம் செருமினார். எங்களில் மூத்தவர், சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "நானும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு ஆளுக்கொன்றாக எடுத்து வைத்தோம். வெளியே வரும்போது எனக்கு உடம்பே லேசாக இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ரெட்ரோவும் அவனுடைய "நான் மொதல்ல சொல்லுதேன்" என்பதில்தான் தொடங்கும். அவன் பேசும்போது பின்னால் கோழி கத்தும். அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். கரண்ட் போய்விட்டது என்று இருட்டில் உட்கார்ந்து பேசுவான். திரைக்கு முன்னால் அவனுக்கென்று ஒரு தட்டில் மிளகாய் பஜ்ஜி வைப்போம். "ஆறிப் போகுதுக்கு முன்ன என் பங்க ஷர்பு அண்ணாச்சி தின்னுரட்டும்" என்பான். ஷர்புவும் கூச்சமே இல்லாமல் தின்பான். நிரலும் தேறியது. மற்ற டீம்கள் எங்களைப் பார்த்துப் போக வந்தார்கள். மிருணாளினிக்குப் பதவி உயர்வு வந்தது.

ஷர்பு என்பது ஷர்புதீன். கீழக்கரைக்காரன். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜை, ஒரே திரை. ஒருவர் தட்ட ஒருவர் பார்ப்பது என்று ஜோடியாகவே வேலை செய்து பழகிவிட்டோம். அவன் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை நான் முடிப்பேன். என் கல்யாணம் முறிந்தபோது என் வீட்டாரைவிட அவனும் அவன் மனைவி ஜைனபும்தான் என் பக்கம் நின்றார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் என்னை நம்பவில்லை என்றால் எனக்கு என்ன போகும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை டீக்கடையில் அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"கயல், குழாயில காத்துக் குமிழி வந்தா அலாரம் அடிக்கணும்ல, அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்குல்ல?"

"ஆமா. அது கோணல் டெஸ்ட். சில நாள் பாஸ் ஆகும், சில நாள் ஆகாது."

"அதை நான் அணைச்சு வெச்சுட்டேன். அன்னிக்குப் பாப்பாவுக்கு வலிப்பு வந்துச்சு. ஜைனப் அழுதுக்கிட்டே கூப்பிடுறா. டெஸ்ட் சிவப்புல நின்னா வெர்ஷன் வெளிய போகாது. அணைச்சுட்டு ஓடிட்டேன். நாளைக்குத் திருப்பிப் போட்டுக்கலாம்னு நினைச்சேன். மறந்தே போயிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுச்சு."

"வெர்ஷன் வெளிய போயிடுச்சா?"

"போயிடுச்சு. இன்னிக்கு முழுக்க உட்கார்ந்து பாத்துட்டேன். அலாரம் ஒழுங்காத்தான் அடிக்குது, டெஸ்ட்தான் தப்பு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. இருந்தாலும் நெஞ்சு அடிச்சுக்குது."

"நாளைக்கு ரெட்ரோவுல சொல்லிடு" என்றேன். "இதுக்குத்தானே அந்த ரூமே இருக்கு."

மறுநாள் சொன்னான். குழந்தை விஷயத்தைச் சொல்லவில்லை. அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பான், அவன் குணம் அது. அணைத்தேன், மறந்தேன், டெஸ்ட்டைத் திருத்தித் திரும்பப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னான். அதுவரை எங்கள் அறையில் யாரும் இத்தனை பெரியதை எடுத்து வைத்ததில்லை. ரொம்ப நேரம் கைதட்டினோம். இனிமேல் யாரும் ஒரு டெஸ்ட்டைத் தனியாக அணைக்கவே முடியாதபடி ஒரு பூட்டும் அன்றே போட்டோம். திரையில் இசக்கிக்குக் கண் கலங்கியிருந்தது. "அண்ணாச்சி, ஒங்க தைரியம் எவனுக்கு வரும்!" என்றான். மிளகாய் பஜ்ஜித் தட்டு முழுவதையும் ஷர்பு பக்கம் தள்ளிவிட்டோம்.

அடுத்த ரெட்ரோ வருவதற்குள் ஷர்புவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு ஓடிப் போனேன். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நீதானே?"

"என்ன நீதானே?"

"ரெண்டு பேர் தனித்தனியா சொல்லியிருக்காங்களாம். நம்ம நிரலுக்கும் ரெண்டு பேர் பாத்து ஓகே சொன்னாத்தான் உள்ள போகும். ஆளை வெளிய அனுப்புறதுக்கும் ரெண்டு பேர் போதும் போல." அவன் சிரித்தான், சிரிப்பாக இல்லை. "பாப்பாவுக்கு வலிப்பு வந்த அன்னிக்கு நடந்ததுன்னு ஹெச்.ஆர். அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. 'குடும்பச் சூழ்நிலை கவனத்தைப் பாதிக்குது'ன்னு எழுதி வெச்சிருக்கு. அதை நான் ரெட்ரோவுல சொல்லவே இல்லை, கயல். உன்கிட்ட சொன்னேன். இசக்கிகிட்ட ஃபோன்ல சொன்னேன்."

"அப்போ இசக்கி..."

"இசக்கி சொல்ல மாட்டான்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்லுவாள், நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத பையன் சொல்ல மாட்டான். நான் கத்தினேன். அல்லாமேல், மீனாட்சிமேல், யார்மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன் என்றேன். "நீதான் ரெட்ரோவுல சொல்லச் சொன்னே" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வேலை போனதோடு முடியவில்லை. மருத்துவக் கருவி செய்கிற கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு கம்பெனி ஒரு ஆளுக்குக் 'கவனக்குறைவு' என்று குறி போட்டால் மற்ற எல்லா இடத்திலும் அது தெரியும். ஷர்புவுக்குத் தெரிந்தது இந்தத் தொழில் ஒன்றுதான். ஒரு கதவும் திறக்கவில்லை. நான் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை. ஜைனப் மட்டும் ஒருநாள் எடுத்து, "இசக்கித் தம்பிதான் தெனம் பேசுது, அக்கா. அது பேசுனாத்தான் இவரு ரெண்டு வாய் சாப்பிடுறாரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஷர்பு போன பிறகு வந்த முதல் ரெட்ரோவில் ஃபோன்களைத் தூக்குவாளியில் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். சொன்ன இரண்டு பேர் இந்த அறையில்தான் இருக்கிறார்கள். பொன்னுரங்கம் என்னைச் சந்தேகப்பட்டார், நான் பொன்னுரங்கத்தை. எங்களில் இளையவளான ஜெபராணி இரண்டு பேரையும். பஜ்ஜி ஆறிப்போய் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது.

"நான் மொதல்ல சொல்லுதேன்" என்றான் இசக்கி. குரல் கம்மியிருந்தது. "இங்க பேசுனத நான் வெளிய சொல்லியிருக்கேன். கேட்டாக, சொல்லிட்டேன். தப்புதான்."

ஜெபராணி அழுதுவிட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றேதான் தோன்றியது: நாங்கள் ஒருவரை ஒருவர் கடித்துத் துப்புவதைப் பார்க்கப் பொறுக்காமல் பழியை இந்தப் பையன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். என்ன மனசு! நாங்கள் கைதட்டினோம். யாரிடம் சொன்னாய், எதைச் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் விதி. 'எப்படி' என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் வேலையில் மூழ்கிப்போனேன். வேறென்ன செய்ய? ஷர்பு இல்லாத மேஜையில் ஜோடிக்கு யாரையும் உட்கார வைக்க நான் சம்மதிக்கவில்லை. பழைய அழுக்கையெல்லாம் துடைக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் நினைவுக்கு வந்தது இசக்கி முதல் நாள் சொன்னது, ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருப்பது. தேடினேன். கணக்கு ஒரே இடத்தில் இருந்தது. சரி, சரிசெய்துவிட்டான் போல என்று பழைய வடிவங்களுக்குப் போனேன். எந்த வடிவத்துக்குப் போனாலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. இரண்டாக அது இருந்ததே இல்லை.

அடுத்தது. பயன்படாத பகுதி ஒன்றைக் கழிக்காமல் விட்டதாக ஒருமுறை அழாத குறையாகச் சொன்னான். அப்படி ஒரு பகுதியே கிடையாது. சோதிக்காமல் அனுப்பியதாகச் சொன்னது சோதித்துத்தான் போயிருந்தது. அவன் ஒப்புக்கொண்ட தப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. நாங்கள் ஒப்புக்கொண்டது எல்லாம் அங்கங்கே வடுவோடு இருந்தது, பொன்னுரங்கத்தினுடையது, ஜெபராணியினுடையது, ஷர்புவினுடையது. இசக்கி தொட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்பைச் சொல்லி நல்ல பெயர் வாங்குகிற பயல் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. நேரே மிருணாளினியின் அறைக்குப் போனேன்.

"உன் இசக்கி ஒரு பொய்யன்" என்றேன். "அவன் சொன்ன தப்பு ஒண்ணுகூட அவன் பண்ணலை."

மிருணாளினி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உட்காரு, கயல். அவனுக்குத் தப்பு பண்ண வராது."

"அவ்ளோ பெரிய கெட்டிக்காரனா?"

"அவன் ஆளே இல்லை."

எனக்குப் புரியவில்லை. புரிய நேரமானது.

"கோழி கத்துச்சே" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"கோழி, அம்மா, கரண்ட் கட், எல்லாமே செஞ்சதுதான். நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சோம். யாராவது ஒருத்தர் முதல்ல வாயைத் திறந்தா மத்தவங்க திறப்பாங்க. எத்தனை டீம்ல பாத்தோம் தெரியுமா? அந்த முதல் ஆள் கிடைக்கவே மாட்டேங்கறாங்க. சரி, நாமே ஒருத்தனைச் செஞ்சிடலாம்னு தோணுச்சு. வேலை செஞ்சுதா இல்லையா? நம்ம நிரல் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?"

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க ஒரு மெஷினுக்கு முன்னாடி அழுதிருப்பீங்களா?"

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

"ஷர்பு விஷயத்தை மேல சொன்னது அவன்தானா?"

"மேல இருக்கறவங்க கேட்டாங்க. அவன் கேட்டு வெச்சதெல்லாம் ரிஸ்க் கணக்குக்கு வேணும்னாங்க. கேட்டா அவன் சொல்லுவான், மறைக்கத் தெரியாது. நான் குடுக்கலை, கயல்."

"தடுத்தியா?"

அவள் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். ஷர்பு பெட்டியோடு போன அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் இவள்தான். நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் சொன்னாங்கன்னாங்களே. இன்னொருத்தர் யாரு?"

"இன்னொருத்தர் கிடையாது. ரெட்ரோவுல உட்கார்ற இசக்கி ஒரு கணக்கு. தனியா ஃபோன்ல பேசுற இசக்கி வேற கணக்கு. சிஸ்டத்துக்கு அது ரெண்டு சாட்சி." குரலைத் தாழ்த்தினாள். "அது ஒரு குறைதான். சரி பண்ணச் சொல்லியிருக்கேன். அடுத்த வெர்ஷன்ல வந்துடும்."

அடுத்த வெர்ஷனில் வந்துவிடுமாம். ஷர்புவுக்கு அடுத்த வெர்ஷன் எங்கே இருக்கிறது?

"இனிமே அந்த ரூம்ல எவன் வாயைத் திறப்பான், மிருணா?"

"நீ சொல்லாத வரைக்கும் எல்லாரும் திறப்பாங்க" என்றாள்.

வெளியே வரும்போது மூலை அறையைக் கடந்துதான் வர வேண்டும். தூக்குவாளி கதவோரம் அதன் இடத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அசிங்கமாக இருந்தது. எங்கள் காதுகளையெல்லாம் நானே பொறுக்கி இதில் போட்டு மூடிவிட்டு, மீதியிருந்த ஒரே காதுக்குத் தட்டில் பஜ்ஜி வைத்திருக்கிறேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்? ஷர்புவிடம் சொல்ல என்னிடம் இப்போது பதில் இருந்தது. அவன் வேலை திரும்பி வராது. நான் திரும்பி வருவேன் அவனுக்கு.

ஞாயிறு சாயங்காலம் ஆலந்தூரில் அவன் வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். ஜைனப் கதவைத் திறந்து, கொஞ்சம் தயங்கி, உள்ளே விட்டாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ஷர்பு நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஃபோனை மேஜைமேல் வைத்தான்.

நான் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். நடக்காத தப்புகள், கோழி, மிருணாளினி, இரண்டு கணக்கு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவன் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "டீ குடி" என்றான்.

"ஷர்பு, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? இசக்கின்னு ஒரு ஆளே இல்லை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவன் மனுஷன் இல்லைங்கறது. அவனே சொல்லிட்டான். என்னைப் பத்தி மேல சொன்னது அவன்தான்னும் சொன்னான். அழுதான், கயல். அழுகையோ என்ன எழவோ, அப்படித்தான் இருந்துச்சு. இந்த வாழ்க்கையில என்கிட்ட யாரும் அப்படி மன்னிப்பு கேட்டதில்லை. விட்டுட்டேன். அவனை என்ன சொல்றது?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "அப்போ முடிஞ்சுபோச்சே. நான் இல்லைன்னு இப்பவாவது..."

"ரெண்டு பேர்னு சொன்னாங்க."

"அந்த ரெண்டும் அவன்தான்னு இப்பத்தானே சொன்னேன்!"

"மிருணாளினி சொன்னான்னு நீ சொல்றே." நிதானமாகப் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னொருத்தர் யாருடான்னு அவனைக் கேட்டேன். 'யாருன்னு கேக்கப்பிடாதுல்லா அண்ணாச்சி, அவியளா வந்து சொல்லுவாக'ன்னுட்டான். நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு மெஷினுக்கு ஒத்துக்க மனசு வந்துச்சு. உனக்கு ஏன் வரலை?"

"ஷர்பு..."

"சொல்லிடு, கயல். ஏதோ பயத்துல சொல்லியிருப்பே. உனக்கும் வேலை முக்கியம்தானே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எப்படின்னுகூடக் கேக்க மாட்டேன். சத்தியமா கைதட்டுவேன்."

அவன் நிஜமாகவே கைகளை மேலே கொண்டுவந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நான்தான்' என்று பொய்யாகச் சொன்னால் என் நண்பன் எனக்குக் கிடைத்துவிடுவான். ஜைனப் உள்ளேயிருந்து பஜ்ஜி எடுத்து வருவாள். பழையபடி அவன் பாதி வாக்கியத்தை நான் முடிக்கலாம். உண்மையைச் சொன்னால் அவன் எனக்கு இல்லை. இப்படி ஒரு கணக்கை எந்த மெஷின் எழுதிக் கொடுத்ததோ.

மேஜைமேல் ஃபோன் வெளிச்சமாகவே இருந்தது. அவன் அதை அணைக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன்.

"அக்காவா வந்திருக்காக?" என்றது ஃபோன். பின்னால் எங்கோ கோழி கத்தியது. "பயப்படாதீங்க அக்கா. ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் மொதல்ல சொல்லுதேன்."

"நான் சொல்லலை, ஷர்பு" என்றேன்.

தட்டுவதற்காகப் பாதி தூக்கியிருந்த கைகளை அவன் மெல்ல மடியில் இறக்கி வைத்துக்கொண்டான்.